வரும் நீருக்குப் போகும் வழி: வளரும் நகரத்தின் குடிநீரும் பாதாளச் சாக்கடையும்

ஓர் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் தீட்டும் பொறியாளர் முதலில் கேட்கும் கேள்வி எளியது: ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர்? மத்திய அரசின் வழிகாட்டி விதிகளில் நெடுங்காலமாக இதற்கு மூன்று விடைகள் இருந்துவந்தன. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கும், விரைவில் வரப்போகும் ஊருக்கும் 135 லிட்டர். பெருநகரங்களுக்கு 150.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. குளிப்பதும் துவைப்பதும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே, சாக்கடை இல்லாத ஊர்க்காரருக்கு மட்டும் ஏன் பாதி என்று தோன்றியது. கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே அந்த விதியின் நியாயம் விளங்கியது. வீட்டுக்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறுகிறது. 135 லிட்டர் கொடுத்தால் 108 லிட்டர் வெளியே வரும். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் அது ஒரு நாளைக்கு 1 கோடியே 8 லட்சம் லிட்டர். அதைக் கொண்டுபோக வழி இல்லாவிட்டால் செப்டிக் டேங்க் நிரம்பி வழியும், உறிஞ்சு குழி உறிஞ்சாது, தெருவோர மழைநீர் வடிகால் சாக்கடையாகும், கடைசியில் ஊர் ஏரி அதை வாங்கிக்கொள்ளும். குடிநீர்த் திட்டத்தைத் திறந்துவைத்த அன்றே, யாரும் அறிவிக்காமல், ஒரு கழிவுநீர்த் திட்டமும் தொடங்கிவிடுகிறது. அதைக் குழாயில் அனுப்புகிறோமா, ஏரியில் விடுகிறோமா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பாதாளச் சாக்கடைக்குத் தண்ணீர் வேண்டும். குழாயில் மலம், மணல், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் உருட்டிச் செல்வது தண்ணீர்தான். வாரத்துக்கு இருமுறை குடிநீர் வரும் ஊரில் குழாய் பதித்தால் அது அடைத்துக்கொள்ளும். ஆகவே இவை இரண்டு துறைகளின் இரண்டு கோப்புகள் அல்ல, ஒரே நீரின் வரவும் செலவும்.

இந்தக் கட்டுரையில் ஓசூரை அடிக்கடி தொட்டுச் செல்கிறேன். வளரும் சிறுநகரம் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஊர் பெருத்தது. 2001 கணக்கெடுப்பில் சுமார் 84 ஆயிரமாக இருந்த நகராட்சியின் மக்கள்தொகை, 2011-ல் 1,16,000-ஐத் தாண்டியது. சுற்றுப்புற ஊராட்சிகளும் சேர்ந்து 2019-ல் மாநகராட்சியானது. பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் வளர்ச்சி நிற்கப்போவதில்லை.

எத்தனை பேருக்கு?

திட்டம் இன்றைய மக்களுக்கு மட்டுமானதல்ல. மண்ணுக்கடியில் பதிக்கும் கழிவுநீர்க் குழாயை 30 ஆண்டுகளுக்கு என்று கணக்கிடுவது வழக்கம். மோட்டார், பம்பு போன்றவற்றுக்கு 15 ஆண்டுகள். குழாயை மாற்ற வேண்டுமானால் தெருவையே தோண்ட வேண்டும். பம்பை மாற்ற ஒரு கட்டடத்தின் கதவைத் திறந்தால் போதும். எது கடினமோ அதை நீண்ட காலத்துக்கு யோசிக்கிறார்கள்.

ஆனால் 30 ஆண்டுகளுக்குப் பிறகு எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்ந்தால் 1,81,000 பேர் ஆவார்கள். 3 விழுக்காடு என்றால் 2,43,000. 4 விழுக்காடு என்றால் 3,24,000. அனுமானத்தில் இரண்டே இரண்டு விழுக்காடு வேறுபட்டாலும் இரண்டு வேறு ஊர்கள் கிடைக்கின்றன. 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பல நகரங்கள் 2011-ஆம் ஆண்டின் எண்களை நீட்டி நீட்டித்தான் திட்டம் போட்டன. தொழிற்பேட்டை உள்ள ஊரில் அது பெரிய ஆபத்து. வாக்காளர் பட்டியல், மின் இணைப்புகள், சொத்துவரி விதிக்கப்பட்ட வீடுகள், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உண்மைக்கு அருகே வரலாம்.

எத்தனை பேர் என்பதைவிட எங்கே என்பது இன்னும் முக்கியம். ஊரின் மேற்கே நூறு ஏக்கரில் மனைப்பிரிவு வரப்போகிறது என்றால், அந்தப் பக்கத்துப் பிரதானக் குழாய் இன்றே பெரிதாக இருக்க வேண்டும். நகரமைப்புப் பிரிவின் வரைபடமும் குழாய் போடும் பொறியாளரின் வரைபடமும் ஒரே மேசையில் இல்லாத ஊர்களில்தான் புதிதாகப் போட்ட குழாய் ஐந்தே ஆண்டுகளில் போதாமல் போகிறது.

குடிநீர்: அழுத்தத்தின் கதை

குடிநீருக்கு மேடு பள்ளம் பெரிய தடை இல்லை. மின்சாரம் இருந்தால் தண்ணீர் மலையும் ஏறும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்குச் சான்று. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. பற்களில் கறையும் எலும்பு பாதிப்பும் வரும் அளவுக்கு மிகுதி. அதனால் ஜப்பானிய நிதியுதவியுடன் காவிரி நீரைக் கொண்டுவந்தார்கள். திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர், ஒகேனக்கல்லைவிட ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் நீரை 100 மீட்டர் தூக்க, பம்பின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 0.4 யூனிட் மின்சாரம் செலவாகும். 600 மீட்டருக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல். குழாயில் உராய்வால் வீணாவது தனி. ஓசூரில் ஒருவர் குழாயைத் திறக்கும்போது காவிரி நீர் மட்டுமல்ல, இவ்வளவு மின்சாரமும் சேர்ந்து கொட்டுகிறது. அத்தனை பாடுபட்டு ஏற்றிய நீர் தெருமுனையில் குழாய் உடைந்து ஓடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது, புதிய நீராதாரம் தேடுவதைவிட எப்போதும் மலிவு. ஆனால் அதற்குத் திறப்பு விழா கிடையாது.

நகரத்துக்கு வந்த நீர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறி, அங்கிருந்து பகிர்மானக் குழாய்களில் இறங்குகிறது. தொட்டியின் உயரம்தான் வீட்டில் அழுத்தம் தருகிறது. தரைத்தள வீட்டுக்குக் குழாயில் 7 மீட்டர் அழுத்தம், அதாவது நீரை 7 மீட்டர் உயரம் ஏற்றும் அளவு அழுத்தம், மிஞ்ச வேண்டும், ஒரு மாடி வைத்த வீட்டுக்கு 12 மீட்டர் என்பது பழைய கணக்கு. மேடான தெருவுக்கும் பள்ளமான தெருவுக்கும் ஒரே தொட்டியிலிருந்து நீர் விட்டால் பள்ளத்தில் குழாய் வெடிக்கும், மேட்டில் காற்றுதான் வரும். ஆகவே நகரத்தை உயரத்துக்கு ஏற்ப மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி வைப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் விடும் ஊர்களில், நீர் நின்ற பிறகு குழாய் காலியாகிறது. காலியாகும் குழாய் தன்னைச் சுற்றியுள்ளதை விரிசல் வழியே உறிஞ்சும். அருகில் சாக்கடை இருந்தால் சாக்கடையை உறிஞ்சும். அடுத்த முறை நீர் விடும்போது முதல் சில நிமிடங்கள் கலங்கலாக வருவது அதனால்தான். குடிநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயைவிட மேலே வைக்க வேண்டும், கூடுமானவரை 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி இந்த ஆபத்தைத் தடுக்கவே பிறந்தது. பத்தடி அகலமே உள்ள பழைய தெருக்களில் அந்த 3 மீட்டருக்கு இடம் எங்கே? இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் மட்டுமே ஆளுக்கொரு பக்கமாவது ஒதுக்க முடியும்.

கழிவுநீர்: சாய்வின் கதை

கழிவுநீர்க் குழாயில் அழுத்தம் கிடையாது. பாதி நிரம்பிய வாய்க்கால் போல நீர் தன் எடையால் தானே வழிந்தோட வேண்டும். பழந்தமிழில் நிலத்தடி நீர்வழிக்குச் சுருங்கை என்று பெயர். சொல் மறந்துவிட்டது, அதன் தத்துவம் மாறவில்லை.

மெதுவாக ஓடினால் மணலும் கசடும் அடியில் தங்கும். ஆகவே நாளுக்கு ஒருமுறையாவது நீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வேகம் அது. 200 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் வர, 250 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்க வேண்டும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சமதரையில் இதை ஓட்டிப் பாருங்கள். தெரு தொடங்கும் இடத்தில் குழாய் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 5 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் தோண்டினால் பாறை வரும், நிலத்தடி நீர் ஊறும், பக்கத்து வீட்டுச் சுவர் சரியும். அங்கே ஒரு கிணறு கட்டி, பம்பு வைத்து, கழிவுநீரை மேலே தூக்கி மறுபடி ஓட விட வேண்டும். அதுதான் கழிவுநீர் உந்து நிலையம்.

ஒவ்வோர் உந்து நிலையமும் இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் கேட்கும், ஆள் கேட்கும், மின்தடைக்கு ஜெனரேட்டர் கேட்கும். அது நின்றுபோனால் பள்ளத்துத் தெருவின் ஆள்நுழைவுத் தொட்டிகள் (மேன்ஹோல்) வழியே கழிவு பொங்கும். எனவே நல்ல திட்டம் என்பது உந்து நிலையங்கள் குறைவான திட்டம். அதற்கு நிலத்தின் சரிவை மதிக்க வேண்டும், வார்டு எல்லையை அல்ல. நீருக்கு வார்டு எண் தெரியாது.

தமிழ்நாட்டு ஊர்களில் இந்தச் சரிவைப் படிக்க ஓர் எளிய வழி இருக்கிறது: ஏரிகளைப் பாருங்கள். ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி நம் முன்னோர் சங்கிலியாக அமைத்தார்கள். கருவி எதுவும் இல்லாமலே அந்தச் சங்கிலி நிலம் எந்தத் திசையில் சாய்கிறது என்று சொல்லிவிடும். ஓசூரில் சந்திரசூடேசுவரர் மலைமீது நின்று பார்த்தால் ஊர் எப்படி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது என்று புரியும். இதில்தான் நம் நகரங்களின் துயரமும் அடங்கியிருக்கிறது. சாக்கடைக்கு உகந்த சரிவும் ஏரிக்கு நீர் கொண்டுவரும் சரிவும் ஒன்றே. குழாய் இல்லாத ஊரில் கழிவு தானாகத் தேடிப் போகும் இடம் ஏரிதான். ஆகவே ஏரிக்கரைக்கு முன்னால் கழிவை இடைமறிக்கும் குழாய் ஒன்று வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிவுநீர் நாள் முழுதும் ஒரே சீராக வராது. காலையில் எல்லோரும் குளித்துத் துவைக்கும் நேரத்தில் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும். 50 ஆயிரத்திலிருந்து 7.5 லட்சம் பேர் வரையுள்ள நகரத்துக்கு 2.25 மடங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஒரு லட்சம் பேர் ஊரில் சராசரி விநாடிக்கு 125 லிட்டர். உச்சத்தில் 281 லிட்டர். அந்த உச்சத்திலும் குழாயின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். காற்று போக இடம் வேண்டும்.

அந்தக் காற்று உயிர் சம்பந்தப்பட்டது. சாய்வு போதாத குழாயில் கசடு தேங்கி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு உண்டாகிறது. அது கான்கிரீட் குழாயின் மேற்புறத்தை அரித்துத் தின்னும். ஆள்நுழைவுத் தொட்டியில் இறங்கும் மனிதரைச் சில நொடிகளில் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மரணங்கள் தொடர்கின்றன. வரைபடத்தில் சாய்வைக் குறைத்து எழுதிய பேனா, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தொழிலாளியின் மூச்சில் கை வைக்கிறது. இப்படிச் சொல்வது மிகை என்று நான் நினைக்கவில்லை. அடைப்பு எடுக்கும் இயந்திரம் தெருவுக்குள் நுழைய வழி, ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு தொட்டி, குப்பை விழாத மூடி: இவை அனைத்தும் முதல் நாள் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

மழைநீர் வடிகாலை இதில் சேர்க்கக் கூடாது. ஒரு மணி நேர மழையில் வரும் நீர் கழிவுநீரைவிடப் பல மடங்கு. வீட்டு மொட்டைமாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பவர்கள், கார்த்திகை அடைமழையில் தங்கள் தெருவிலேயே கழிவு பொங்கக் காரணமாகிறார்கள்.

கடைசியில் போகுமிடம்

குழாய்கள் எல்லாம் சேரும் தாழ்வான இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் அமையும். மணலையும் குப்பையையும் வடித்த பிறகு, காற்றை ஊட்டி, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்ப்பதுதான் அங்கே நடக்கும் முக்கிய வேலை. இயல்பாக ஆற்றில் நடப்பதை ஒரு தொட்டிக்குள் சில மணி நேரத்தில் நடத்துகிறார்கள். அதற்கான நிலத்தை முதலிலேயே ஒதுக்காவிட்டால் பிறகு கிடைக்காது. எல்லோருக்கும் சாக்கடை வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் மட்டும் பக்கத்தில் வேண்டாம்.

சுத்திகரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஓசூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகள் தென்பெண்ணையில் கலந்து வந்து, கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கும்போது வெள்ளை நுரையாக மலைபோல் எழுகின்றன. மேலே இருக்கும் நகரத்தின் சாக்கடை, கீழே இருக்கும் நகரத்தின் ஆறு. அதே ஆற்றுக்கு ஓசூரும் ஒரு மேல்நகரம்தான். அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை இருக்கிறது.

சுத்திகரித்த நீர் பணமும் ஆகும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மேலும் தூய்மைப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். தொழிற்பேட்டை உள்ள எந்தச் சிறுநகரமும் இதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் எண்ணம். காவிரியை 600 மீட்டர் தூக்கி இயந்திரத்தைக் குளிர்விக்கப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணம், பொறுமை, வீட்டு இணைப்பு

1990-களின் இறுதியில், சென்னையை ஒட்டிய ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தது. பாதாளச் சாக்கடை இல்லை, அதற்கான பணமும் இல்லை. அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் அதிகாரிகளும் குடியிருப்போர் சங்கங்களிடம் போய்ப் பேசினார்கள். ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கேட்டார்கள். குழாய் போடுவதற்கு முன்பே மக்கள் கட்டினார்கள். அந்தப் பணத்தோடு கடனும் மானியமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. முன்பணம் கொடுத்தவர்கள் வேலையைக் கண்காணித்தார்கள். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆனாலும் சிறுநகரங்களின் கழிவுநீர்த் திட்டம் பற்றிய பேச்சில் இன்றும் அந்தப் பெயர் வருகிறது.

எல்லா ஊருக்கும் எல்லாத் தெருவுக்கும் உடனே பாதாளச் சாக்கடை தேவையில்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஓரப் பகுதிகளில் ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் போதும், அதன் கசடை லாரியில் எடுத்துச் சென்று சுத்திகரிக்க இடம் இருந்தால். செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் அத்தகைய கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஊரின் நடுவே குழாய், ஓரத்தில் லாரி, ஓரம் நெருக்கமாகும்போது அங்கும் குழாய் என்று படிப்படியாகப் போவதே சிறிய நகராட்சியின் கைக்கு அடங்கும். லாரிக்காரர் இரவில் கசடை ஓடையில் கொட்டாமல் இருக்க, கொட்டுவதற்கு ஓர் இடத்தை ஊர்தான் தர வேண்டும்.

திட்டம் முடிந்த பிறகும் பல ஊர்களில் நடப்பது ஒன்று. தெருவில் குழாய் தயாராக இருக்கிறது, வீடுகள் இணையவில்லை. கழிப்பறை வீட்டின் பின்புறம் இருக்கும், குழாயோ முன்புறத் தெருவில். தரையை உடைக்கச் செலவாகும், அதனால் பழைய செப்டிக் டேங்கே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாதி வீடுகள் இணையாவிட்டால் குழாயில் பாதி நீர்தான் ஓடும், கழுவும் வேகம் வராது, அடைப்பு வரும். நீங்கள் இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால், உங்கள் தெருவில் இன்னும் பாதாளச் சாக்கடை வராவிட்டாலும், கழிவுக் குழாய்கள் அனைத்தும் வீட்டின் முன்பக்கம் ஒரே தொட்டியில் சேரும்படி கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுத் தரை சாலையைவிட உயரமாக இருக்கட்டும். செப்டிக் டேங்கையும் முன்பக்கமே, லாரியின் குழாய் எட்டும் இடத்தில் வையுங்கள். தெருவில் குழாய் வரும் நாளில் இரண்டு மீட்டர் தோண்டினால் இணைப்பு முடிந்துவிடும்.